"வேதம் மட்டும்" என்று சொல்லும் லுத்தரன்கள் யாக்கோபை ஏன் வைக்கோல் என்றார்கள்? அத்தானுக்குப் பதில் தேவை

கடைசி பெஞ்ச்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் அக்கா வீட்டுக்காரர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். பாசமான மனிதர். ஆனால் ஞாயிறு மதியம் பிரியாணி இறங்கியதும் வேதத்தைத் திறந்துவிடுவார். போன வாரம் மூன்று கேள்வி கேட்டார், மூன்றுக்கும் முழித்தேன். திடப்படுத்தல் வகுப்பில் லுத்தருடைய கேள்வி பதில் நூலான சிறிய ஞானோபதேசம் முழுவதையும் ஒப்பித்தவன் நான் என்பது வேறு விஷயம்.

முதல் கேள்வி: வேதம் மட்டும் போதும் என்று ஊரைக் கூட்டிய லுத்தர், அதே வேதத்தில் இருக்கும் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்றாரே, அது என்ன நியாயம்? அடுத்தது: வேதம் மட்டும் என்றால் லுத்தரன்களின் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஞானோபதேசம், அங்கி, மெழுகுவர்த்தி எல்லாம் எதற்கு? கடைசியாக, ரோமர் 3:28-ல் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை லுத்தர் சொருகிவிட்டார் என்று யூடியூபில் யாரோ சொன்னார்களாம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாட்ஸப் ஃபார்வர்டு வேண்டாம், அது அத்தானிடமே நிறைய இருக்கிறது.

தரங்கைத் தாத்தா:
தம்பி, முதல் கேள்விக்கு மழுப்ப வேண்டாம். சொன்னார், உண்மைதான். 1522 செப்டம்பரில் வந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், யோவான், ரோமர், கலாத்தியர், 1 பேதுரு போன்றவற்றோடு ஒப்பிட்டால் யாக்கோபு வைக்கோல் நிருபம் என்று எழுதினார். 'ஒப்பிட்டால்' என்பதை யூடியூப்காரர்கள் விட்டுவிடுவார்கள். பின்னாள் பதிப்புகளில் அந்த வரியே இல்லை.

ஆனால் அந்த வரி போய்விட்டது என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அதே பதிப்பின் பொருளடக்கத்தைப் பாருங்கள். 23 புத்தகங்களுக்கு எண் போட்டிருப்பார். எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்குக்கும் எண் கிடையாது, கடைசியில் தனியாகத் தள்ளி வைத்திருப்பார். இன்றைக்கும் ஜெர்மன் லுத்தர் வேதாகமத்தில் எபிரெயரும் யாக்கோபும் யோவானின் நிருபங்களுக்கு அப்புறம்தான் வரும். நம் தமிழ் வேதாகமத்தைப் போல் பிலேமோனுக்கு அடுத்து வராது. ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு விருந்தாளி எங்கள் சபையில் எபிரெயரைத் தேடிப் புரட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீக்கவில்லை. மொழிபெயர்த்தார், அச்சடித்தார். யாக்கோபின் முன்னுரையிலேயே "இதை நான் மெச்சுகிறேன், நல்ல புத்தகம்" என்றும் எழுதினார், மனிதப் போதனையை அது நுழைக்கவில்லை, தேவனுடைய பிரமாணத்தை உறுதியாகச் சொல்கிறது என்பதற்காக.

எஸ்தர் அக்கா:
தாத்தா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த யாக்கோபு முன்னுரையில்தான் லுத்தருடைய வேத வாசிப்பின் சாவியே இருக்கிறது. எல்லாப் புத்தகத்தையும் உரசிப் பார்க்க ஒரு கல் வைத்திருந்தார்: அது கிறிஸ்துவை முன்னிறுத்துகிறதா? கிறிஸ்துவைப் போதிக்காதது பேதுருவோ பவுலோ சொன்னாலும் அப்போஸ்தலிக்கம் ஆகாது, கிறிஸ்துவைப் பிரசங்கிப்பது யூதாஸ், அன்னா, பிலாத்து, ஏரோது வாயில் வந்தாலும் அப்போஸ்தலிக்கம்தான் என்கிறார். துணிச்சலான பேச்சு. இன்றைக்கு ஒரு இளம் போதகர் இதைப் பிரசங்க பீடத்தில் சொன்னால் மறுநாள் கமிட்டி கூடும்.

1523-ல் பழைய ஏற்பாட்டின் முன்னுரையில் இன்னும் அழகாகச் சொல்வார்: இங்கே கிறிஸ்து கிடத்தப்பட்ட துணிகளையும் முன்னணையையும் காண்பீர்கள். துணி எளியதுதான், உள்ளே கிடக்கும் பொக்கிஷம் அருமையானது. வேதத்தின் அதிகாரம் காகிதத்தில் இருந்து வரவில்லை, அது ஏந்தியிருப்பவரிடம் இருந்து வருகிறது. "என்னைக்குறித்துச் சாட்சிகொடுக்கிறவைகளும் அவைகளே" என்று யோவான் 5:39-ல் ஆண்டவரே சொல்கிறாரே.

கடைசி பெஞ்ச்:
அக்கா, முன்னணை என்றால் வைக்கோலும் இருக்கத்தானே வேண்டும்? அப்படியானால் யாக்கோபுக்கும் உள்ளே இடம் உண்டு 😄

எஸ்தர் அக்கா:
இதை அத்தானிடம் சொல்லுங்கள், பாதிச் சண்டை முடிந்துவிடும்.

லூர்து நெல்லை:
கத்தோலிக்கன், இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். உங்கள் தாத்தா நேர்மையாகப் பேசுவதால் கேட்கிறேன். எந்தப் புத்தகங்கள் வேதம் என்ற பட்டியலே வேதத்துக்குள் இல்லை. யாக்கோபு, 2 பேதுரு, யூதா, 2, 3 யோவான் எல்லாம் சிலரால் சந்தேகிக்கப்பட்டவை என்று 4-ஆம் நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் யுசேபியுஸ் எழுதி வைத்திருக்கிறார். திருச்சபை முடிவு செய்ததால்தானே உங்கள் கையில் 27 புத்தகம் இருக்கிறது? நாங்கள் 1546-ல் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில் பட்டியலே போட்டுவிட்டோம். உங்கள் பட்டியல் எங்கே?

ஆம்பூர் அந்திரேயா:
எங்களிடம் பட்டியல் இல்லை, லூர்து. கிண்டல் இல்லை, நிஜமாகவே இல்லை. லுத்தரன் விசுவாச அறிக்கைகளின் தொகுப்பான 1580-இன் கன்கார்டியா புத்தகத்தை முதலில் இருந்து கடைசி வரை தேடினாலும் புத்தகங்களின் பெயர்ப்பட்டியல் கிடைக்காது. கால்வின் வழி வந்தவர்கள் பெல்ஜிக் அறிக்கையிலும் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையிலும் ஒவ்வொரு பெயராக எழுதி வைத்தார்கள். நம் ஆட்கள் "பழைய, புதிய ஏற்பாட்டின் தீர்க்கதரிசன, அப்போஸ்தல எழுத்துகள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எது ஆரம்பத்தில் எல்லாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டது, எதில் சிலருக்குத் தயக்கம் இருந்தது என்ற சரித்திரத்தை எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டு மாற்ற முடியாது என்பதுதான் காரணம்.

சபை பட்டியல் போட்டதா என்றால், போட்டது. அதனால் சபை வேதத்துக்கு மேலே போய்விடுமா? தாசில்தார் பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததால் பிள்ளை அவருடையதாகிவிடுமா?

லூர்து நெல்லை:
😂 சரி, இந்த உவமையை ஒப்புக்கொள்கிறேன், வாதத்தை இல்லை. வீரமாமுனிவர் இருந்திருந்தால் உங்களை விட்டிருக்க மாட்டார். தரங்கம்பாடி மிஷனரிகளை மறுத்தே 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்று அடுக்கடுக்காக எழுதியவர் அவர். நாம் இங்கே போடும் சண்டையை 18-ஆம் நூற்றாண்டிலேயே நல்ல தமிழில் போட்டு முடித்துவிட்டார்கள்.

ஆம்பூர் அந்திரேயா:
தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'வேதம் மட்டும்' என்றால் வேதத்தைத் தவிர வேறெதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அர்த்தமில்லை. நீதிபதி ஒருவர்தான் என்று அர்த்தம்.

1519-ல் லைப்சிக் விவாதத்தில் எக் என்ற கத்தோலிக்க இறையியலாளர் லுத்தரை மடக்கி மடக்கி, முந்தைய நூற்றாண்டின் சீர்திருத்தவாதி யான் ஹுஸைக் கண்டித்த கான்ஸ்டன்ஸ் சங்கம் தவறு செய்ததா என்ற இடத்துக்குக் கொண்டு வந்தார். சங்கங்களும் தவறக்கூடும் என்று லுத்தர் வாயிலிருந்து வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து வோர்ம்ஸில் பேரரசர் முன்னால் அதையேதான் சொன்னார்: போப்புகளும் சங்கங்களும் பலமுறை தவறியிருக்கிறார்கள், வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ என்னைத் தவறு என்று காட்டினால் ஒழிய பின்வாங்க மாட்டேன். பிதாக்களையும் விசுவாசப் பிரமாணங்களையும் அவர் தூக்கி எறியவில்லை. மூன்று விசுவாசப் பிரமாணங்களும் கன்கார்டியா புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கின்றன.

சந்தையில் படி பார்த்திருப்பீர்கள். மூலப் படி அரசாங்கத்திடம் இருக்கும். கடைக்காரர் கையில் இருப்பது அதோடு ஒப்பிட்டு முத்திரை குத்திய படி. நாள்தோறும் அரிசி அளப்பது முத்திரைப் படியால்தான், ஆனால் சந்தேகம் வந்தால் கொண்டுபோய் வைப்பது மூலப் படியிடம். வேதம் மூலப் படி, ஆக்ஸ்பர்க் அறிக்கை முத்திரைப் படி. கன்கார்டியா வாசகமும் இதைத்தான் சொல்கிறது: மற்ற எழுத்துகள் வேதத்தைப் போல நீதிபதிகள் அல்ல, சாட்சிகள்.

நான் வளர்ந்த சபையில் குருமார் அபிஷேகம் பெறும்போது, இந்த அறிக்கைகள் வேதத்தோடு ஒத்திருப்பதால் ஏற்கிறேன் என்பார்கள். ஒத்திருக்கும் அளவுக்கு ஏற்கிறேன் என்று சொல்லும் லுத்தரன்களும் உண்டு. ஒரு சொல் வித்தியாசம்தான், அதற்குப் பின்னால் நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது.

அங்கி, மெழுகுவர்த்தி? வேதம் கட்டளையிடவும் இல்லை, விலக்கவும் இல்லை. அதனால் சபைக்குச் சுதந்தரம். அத்தானுடைய சபையில் மைக்கும் டிரம்ஸும் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

மேல்வீட்டறை:
ஆம்பூர் அண்ணன், டிரம்ஸைத் தொட்டதால் வந்தேன் 🙂 150-ஆம் சங்கீதம் வாசியுங்கள். பெந்தெகொஸ்தே சபைக்காரன் நான். நீங்கள் படி, முத்திரை, சங்கம் என்றே பேசுகிறீர்கள். பரிசுத்த ஆவியானவர் எங்கே? அவர் இல்லாமல் வெறும் எழுத்து என்ன செய்யும்? எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது.

தரங்கைத் தாத்தா:
நல்ல கேள்வி, தம்பி. லுத்தர் இதற்கு ரொம்பக் கோபமாகப் பதில் சொன்னவர். தன்னோடு இருந்து பின்பு பிரிந்துபோன கார்ல்ஸ்டாட்டைப் பற்றி 1525-ல் எழுதும்போது, புறாவைப்போல் இறங்கிய பரிசுத்த ஆவியை இறகோடு சேர்த்து விழுங்கிவிட்டதாக நினைக்கும் ஆள் என்று கேலி செய்தார். நாகரிகமான பேச்சு இல்லைதான்.

கேலிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். 1537-இன் ஸ்மால்கால்டு கட்டளைகள் என்ற விசுவாச அறிக்கையில் அவர் சொல்வது இது: வெளியே ஒலிக்கும் வார்த்தை மூலமாகவே தேவன் ஆவியைக் கொடுக்கிறார். வார்த்தைக்கு வெளியே எனக்கு ஆவி கிடைத்தது என்பவரையும், வேதத்துக்கு மேலாக எல்லா நியாயமும் என் மார்புக்குள் இருக்கிறது என்னும் போப்பையும் ஒரே தட்டில் வைக்கிறார். லூர்து தம்பிக்கும் உங்களுக்கும் ஒரே சமயத்தில் கோபம் வரவைக்கும் பத்தி அது.

இன்னொன்று. வார்த்தை என்றதும் அவர் நினைத்தது அச்சடித்த புத்தகத்தை மட்டும் அல்ல. சபை எழுதுகோல் வீடு அல்ல, வாய் வீடு என்றார். சுவிசேஷம் முதலில் காதில் விழ வேண்டிய சத்தம். அந்த வகையில் நீங்களும் நாங்களும் அவ்வளவு தூரம் இல்லை.

மேல்வீட்டறை:
வாய் வீடு நன்றாக இருக்கிறது தாத்தா. இறகு விஷயத்தை மன்னித்துவிட்டேன். ஆனால் சாதாரண விசுவாசி வேதத்தை வாசித்துப் புரிந்துகொள்ளலாம் என்றுதானே லுத்தரும் சொன்னார்? அப்புறம் ஏன் இத்தனை விளக்கம்?

எஸ்தர் அக்கா:
சொன்னார். அறிஞர் எராஸ்முஸ் 1524-ல் வேதத்தில் பல இடம் இருட்டு என்று எழுதியபோது, அடுத்த வருஷம் லுத்தர் கொடுத்த பதிலில் ஒரு உவமை உண்டு. ஊர்ச் சந்தை நடுவே பொதுக் குழாய்க்கிணறு இருக்கிறது. சந்தையில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிறது. சந்துக்குள் நிற்கிறவனுக்குத் தெரியவில்லை என்பதற்காகக் கிணறு இருட்டில் இருக்கிறது என்று சொல்லலாமா? சில சொற்களும் இலக்கணமும் கடினம் என்பதை அவர் மறுக்கவில்லை. கிறிஸ்து மனிதரானார், நமக்காகப் பாடுபட்டார் என்ற மையம் வெட்டவெளிச்சம் என்கிறார். கடினமான இடத்தை வெளிச்சமான இடத்தை வைத்து வாசி. வேதத்துக்கு வேதமே உரை.

தெளிவாக இருக்கிறது என்பதால் எந்த வசனத்தையும் எடுத்து எனக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்பதில்லை. இங்கேதான் நம் தமிழ்ச் சபைகள் எல்லாமே, லுத்தரன் உட்பட, வழுக்குகிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போமே? எனக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 வந்தது, 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற வசனம். வீடே சந்தோஷப்பட்டது. முந்தின வசனத்தை யாரும் வாசிக்கவில்லை. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது. கடிதத்தைப் பெற்றவர்களில் பலர் அதைக் காண உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

கடைசி பெஞ்ச்:
அக்கா, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அந்த அட்டைதான் ஒட்டியிருக்கிறது...

எஸ்தர் அக்கா:
ஒட்டியே இருக்கட்டும் தம்பி. ஜெர்மனியில் மொராவியன் சபையாரின் ஊரான ஹெர்ன்ஹூட்டில் இருந்து 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு எடுத்த வசனங்களை அச்சிட்டு வருகிறார்கள், உலகம் முழுவதும் லுத்தரன்களும் வாசிக்கிறார்கள். வசனத்தை எடுப்பது பாவமில்லை. யாரிடம் சொல்லப்பட்டது என்று கேட்காமல் எடுப்பதுதான் சிக்கல்.

லுத்தர் 1525-ல் மோசேயைப் பற்றிச் செய்த பிரசங்கம் முழுவதும் இதுதான். இது தேவனுடைய வார்த்தையா என்று மட்டும் கேட்காதே, அது எனக்குச் சொல்லப்பட்ட வார்த்தையா என்றும் கேள் என்கிறார். மோசேயின் சட்டம் யூதருக்கு, சாக்சனியருக்கு அவர்களுடைய சட்டப் புத்தகம் எப்படியோ அப்படி. நாட்டை ஆளுகிறவர்கள் மோசேயிடம் இருந்து தசமபாகம் போன்ற நல்ல ஏற்பாட்டை எடுத்துக்கொண்டால் தனக்குச் சந்தோஷம்தான் என்கிறார். ஆனால் மோசே சொன்னார் என்பதற்காக யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. தசமபாக வசனமான மல்கியா 3:10-ஐ வைத்துச் சம்பளச் சீட்டைக் கேட்கும் பிரசங்கங்களைக் கேட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆம்பூர் அந்திரேயா:
இந்த இடத்தில் அக்காவுக்கு முழு ஆமென். கட்டளையிடும் நியாயப்பிரமாணம் எது, மன்னிப்பை அறிவிக்கும் சுவிசேஷம் எது என்று பிரித்து அறியாதவன் வேதத்தை மனப்பாடம் செய்திருந்தாலும் அது அவனுக்கு மூடிய புத்தகம். மிசௌரி சினாடு என்ற அமெரிக்க லுத்தரன் சபையின் தலைவராக இருந்த வால்தர் இதற்காக மட்டும் 1884, 85-ல் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் 39 சொற்பொழிவு நடத்தினார். உடைந்து போய் வந்தவனிடம் பிரமாணத்தை வைப்பதும், நெஞ்சு நிமிர்த்தி நிற்பவனிடம் ஆறுதல் வசனம் கொடுப்பதும், வசனம் சரியாக இருந்தாலும் தவறான வியாக்கியானம்தான் என்பார்.

நன்னூல் நேசன்:
தமிழாசிரியர், கிறிஸ்தவன் அல்லேன். தேடலில் இந்த இழை வந்தது, ரோமர் 3:28 பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே என்று ஆச்சரியம். அந்த வசனத்தின் தமிழ் வாசகத்தை யாராவது இட முடியுமா?

கடைசி பெஞ்ச்:
பழைய மொழிபெயர்ப்பில், ஐயா: "ஆதலால், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறானென்று தீர்மானிக்கிறோம்."

எஸ்தர் அக்கா:
பின்னணி சொல்லிவிடுகிறேன் ஐயா. கிரேக்கத்தில் 'விசுவாசத்தினால்' என்றுதான் இருக்கிறது, 'மட்டும்' என்ற சொல் இல்லை. லுத்தர் ஜெர்மனில் 'மட்டும்' சேர்த்தார். எதிரிகள் கத்தினார்கள். 1530-ல் கோபுர்க் கோட்டையில் இருந்து மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மூலத்தில் அந்தச் சொல் இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் இரண்டில் ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கும்போது ஜெர்மன்காரன் 'மட்டும்' போடாமல் பேச மாட்டான் என்றார். அவர் கொடுத்த உதாரணம்: குடியானவன் தானியம் மட்டும் கொண்டுவருகிறான், பணம் கொண்டுவரவில்லை. வீட்டில் இருக்கும் தாயையும், தெருவில் ஆடும் பிள்ளைகளையும், சந்தையில் இருக்கும் சாமானியனையும் கேட்டு, அவர்கள் வாயைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நன்னூல் நேசன்:
அருமை. இப்போது தமிழைப் பாருங்கள். 'விசுவாசத்தினாலேயே' என்பதின் இறுதி ஏகாரம் எந்த ஏகாரம்? பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்வார் நன்னூலார். இங்கே தேற்றமா பிரிநிலையா என்பதுதான் கேள்வி. 'அவனே கள்வன்' என்றால் கூட்டத்தில் இருந்து அவனைப் பிரித்து எடுக்கிறோம், மற்றவர் இல்லை. "கிரியைகளில்லாமல்" என்ற விலக்கு அதே வாக்கியத்தில் முன்னால் நிற்பதால், நான் பிரிநிலை என்பேன். லுத்தர் ஒரு தனிச்சொல் தேட வேண்டியிருந்தது. தமிழ் ஓர் எழுத்தில் முடித்துக்கொண்டது. யாரும் சொருகினார் என்று குற்றம் சாட்டவும் வழியில்லை.

லூர்து நெல்லை:
ஐயா, தேற்றம் என்று எடுத்துக்கொண்டால் கத்தோலிக்கனுக்கும் இடம் கிடைக்கிறது. 'நிச்சயமாக விசுவாசத்தினால்' என்று மட்டும் ஆகும். ஏகாரத்திலேயே ஒப்புரவு வந்துவிடும் போலிருக்கிறதே 😄

எஸ்தர் அக்கா:
இதோடு யாக்கோபு 2:24-ஐச் சேர்த்துப் பாருங்கள்: "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறானென்று நீங்கள் காண்கிறீர்களே." இங்கே கிரேக்கத்திலேயே 'மட்டும்' என்ற சொல் இருக்கிறது. தமிழர் அதற்கு 'மாத்திரம்' போட்டார்கள். ரோமரில் சொல் இல்லாத இடத்தில் ஏகாரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இத்தனை வருஷம் வாசித்தும் இதை நான் கவனித்ததில்லை.

நன்னூல் நேசன்:
இன்னொரு சந்தேகம் அம்மா. உங்கள் நற்கருணை வாசகத்தை ஒரு திருமண ஆராதனையில் கேட்டேன். 'இது என்னுடைய சரீரமாயிருக்கிறது' என்றார்கள். தமிழில் 'இது என் வீடு' என்போம். 'என் வீடாயிருக்கிறது' என்பதில்லை. பெயரே பயனிலையாக நிற்குமே. ஏன் இந்த 'ஆயிருக்கிறது'?

தரங்கைத் தாத்தா:
ஐயா, அந்த ஒரு 'ஆயிருக்கிறது'க்காகப் புராட்டஸ்டண்ட் உலகமே இரண்டாகப் பிரிந்தது! 1529 அக்டோபரில் மார்புர்க் கோட்டையில் லுத்தரும் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தவாதி சுவிங்கிலியும் உட்கார்ந்தார்கள். பேச்சு தொடங்கும் முன் லுத்தர் மேஜையில் சுண்ணாம்புக் கட்டியால் 'இது என் சரீரமாயிருக்கிறது' என்று லத்தீனில் எழுதி விரிப்பால் மூடி வைத்தார். சுவிங்கிலி 'இருக்கிறது' என்றால் 'குறிக்கிறது' என்று அர்த்தம், யோவான் 6-ல் மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது என்று ஆண்டவரே சொன்னாரே என்றார். எழுத்தாக உள்ள ஆதாரம் கேட்டபோது லுத்தர் விரிப்பை எடுத்துக் காட்டினார். 15 கட்டளைகளில் 14-ல் ஒத்துப்போனார்கள். கடைசியில், சரீரமும் இரத்தமும் அப்பத்திலும் ரசத்திலும் இருக்கிறதா என்பதில் பிரிந்தார்கள்.

வசனத்தின் இயல்பான பொருளை விட்டு விலக வேறொரு வசனம் கட்டாயப்படுத்தினால் ஒழிய விலகாதே, புத்திக்கு ஒவ்வாதது என்பது காரணம் ஆகாது. இது லுத்தரன் வாசிப்பின் இன்னொரு கால்.

எஸ்தர் அக்கா:
தாத்தா, இதில் நான் லுத்தருக்காக முழுதாக நிற்க மாட்டேன். ஆண்டவர் பேசியது அரமாயிக்காக இருந்தால், நன்னூல் ஐயா சொன்ன தமிழ் போலவே அங்கும் 'இருக்கிறது' என்ற சொல் தேவையில்லை. லுத்தர் சுண்ணாம்பில் எழுதிய வினைச்சொல்லே அந்த மேஜையில் ஒலிக்காமல் இருந்திருக்கலாம். இன்னொன்று: 1 கொரிந்தியர் 10:4-ல் "அந்தக் கன்மலை கிறிஸ்துவே" என்று நம் வேதாகமம் சொல்கிறது. கிரேக்கத்தில் அங்கேயும் வினைச்சொல் உண்டு, தமிழர் அதை விட்டுவிட்டு ஏகாரம் போட்டார்கள். இராப்போஜனத்தில் மட்டும் 'ஆயிருக்கிறது' கவனமாக வந்திருக்கிறது.

ஆம்பூர் அந்திரேயா:
கன்மலைக்கு லுத்தரே பதில் சொல்லியிருக்கிறார் அக்கா. பவுல் அங்கே பேசுவது ஞானக்கன்மலையை, கிறிஸ்து நிஜமாகவே அந்த ஞானக்கன்மலை. அங்கேயும் 'குறிக்கிறது' என்ற அர்த்தம் இல்லை. வினைச்சொல் ஒலித்ததோ இல்லையோ, அப்பத்தைக் கையில் எடுத்து 'இது' என்றாரே, அது போதும்.

ஆனால் நீங்கள் இப்போது செய்ததுதான் எனக்கு உறுத்துகிறது. எழுதப்பட்ட கிரேக்க வாசகம் நம் கையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் போய் என்ன பேசியிருப்பார் என்று கட்டி, அதை வைத்து எழுதப்பட்டதை மதிப்பிடுகிறீர்கள். வரலாற்று விமர்சனம் இப்படித்தான் உள்ளே வந்தது.

எஸ்தர் அக்கா:
அந்திரேயா, வரலாற்று விமர்சனம் வெளியே இருந்து வரவில்லை. நம் வீட்டிலேயே பிறந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் செம்லர் என்ற லுத்தரன் இறையியலாளர் 1771 முதல் புத்தகங்களின் தொகுப்பைச் சுதந்தரமாக ஆராய்வது பற்றி எழுதினார். அவர் பேராசிரியராக இருந்தது நம் மிஷனரிகள் சீகன்பால்குவும் பாப்ரிசியுவும் படித்துவிட்டுக் கப்பலேறிய அதே ஹாலேயில். அடுத்த வருஷமே, 1772-ல், பாப்ரிசியுவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு சென்னையில் அச்சாகிறது. லுத்தர் நான்கு புத்தகங்களுக்கு எண் போடாமல் விட்டாரே, அவர் செய்தது விமர்சனம் இல்லையா?

ஆம்பூர் அந்திரேயா:
இல்லை. லுத்தர் கேட்டது, இது அப்போஸ்தலருடையதா என்று. அப்போஸ்தலருடையது என்று தெரிந்த பிறகு அது பொய் சொல்லுமா என்று அவர் கேட்கவே இல்லை. செம்லர் கேட்டார். இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கு இருக்கிறது.

தம்பிக்கு ஒரு சரித்திரம். ஆம்பூர் பக்கம் ஒரு லுத்தரன் சபையும் தஞ்சை பக்கம் இன்னொரு லுத்தரன் சபையும் ஏன் இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? ஜெர்மன் லுத்தரன் சங்கமான லைப்சிக் மிஷனில் ஊழியம் செய்த நேதர், மோன் போன்றவர்கள், வேதம் முழுவதும் பிழையின்றி ஏவப்பட்டது என்ற உபதேசத்தில் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் விலக நேர்ந்தது. மிசௌரி சினாடு அவர்களை ஏற்றுக்கொண்டது. 1895-ல் நேதர் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கினார். அந்த வழியில் வந்ததுதான் எங்கள் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை. லைப்சிக் வழியில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை 1919-ல் அமைந்தது. நீங்கள் அத்தானோடு போடும் சண்டை நம் இரண்டு சபைக்கும் நடுவே இருக்கும் வேலியின் கதை.

கடைசி பெஞ்ச்:
இது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஜாதி, மொழி, மிஷனரிப் பணம் என்று ஏதோ காரணம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எஸ்தர் அக்கா:
கதையின் அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். அதே மிசௌரியில் வேலி உள்ளேயே விழுந்தது. செயின்ட் லூயிஸில் உள்ள கன்கார்டியா இறையியல் கல்லூரியில், யோனா மீன் வயிற்றில் இருந்தது நடந்த சரித்திரமா, உவமையா போன்ற கேள்விகளை வகுப்பில் கேட்டதற்காகப் பேராசிரியர்கள் விசாரிக்கப்பட்டார்கள். 1973-ல் சினாடு அவர்களுடைய போதனையைக் கண்டித்தது. 1974 ஜனவரியில் முதல்வர் டீட்யென் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிப்ரவரி 19 அன்று ஆசிரியர்களில் பெரும்பாலானவர்களும் மாணவர்களில் பெரும்பாலானவர்களும் கல்லூரியை விட்டு நடந்து வெளியேறினார்கள். அவர்களும் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள்தான், 'சுவிசேஷமே மையம்' என்றவர்கள்தான்.

ஆம்பூர் அந்திரேயா:
அந்த 'மையம்'தான் பிரச்சனை அக்கா. சுவிசேஷத்துக்கு இடையூறு இல்லாத வரை மற்றதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனால், நாளைக்கு எது சுவிசேஷம் என்பதை யார் சொல்வார்? மத்தேயு 12:40-ல் ஆண்டவர் யோனாவைத் தம் உயிர்த்தெழுதலோடு கட்டுகிறார். ஒரு கயிற்றை அறுத்தால் இன்னொன்று தளராதா?

எஸ்தர் அக்கா:
தளரும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. கயிறு பிடித்திருப்பதால் கிறிஸ்து உயிர்த்தெழவில்லை. அவர் உயிர்த்தெழுந்ததால்தான் நான் யோனாவையே வாசிக்கிறேன். உங்களுக்கு வேதம் பிழையற்றது, அதனால் கிறிஸ்துவை நம்புகிறீர்கள். எனக்கு கிறிஸ்து வாக்கு மாறாதவர், அதனால் வேதத்தை நம்புகிறேன்.

ஆம்பூர் அந்திரேயா:
என்னைப் பற்றிச் சொன்னது சரியில்லை. நானும் கிறிஸ்துவால்தான் வேதத்தை நம்புகிறேன். அவரே "வேதவாக்கியம் தவறக்கூடாது" என்றாரே என்பதுதான் என் பிடி.

தரங்கைத் தாத்தா:
இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை வேறு வேறு முனையில் பிடித்து இழுக்கிறீர்கள். எனக்கு வயது எழுபத்தெட்டு, இந்த இழுபறி நான் கல்லூரியில் படித்தபோதும் இருந்தது. என் சாய்வு எஸ்தர் பக்கம், ஒளிப்பதற்கு இல்லை. ஆனால் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, இரண்டே வருஷத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கி, 1711-ல் புதிய ஏற்பாட்டை முடித்ததை நினைத்தால், அந்த அவசரத்தில் அந்திரேயாவுடைய நம்பிக்கையின் சூடுதான் எனக்குத் தெரிகிறது. இப்போதைக்கு இவ்வளவுதான் தம்பி, மாத்திரை போடும் நேரம்.

கடைசி பெஞ்ச்:
எல்லாருக்கும் நன்றி. இன்று மதியம் அத்தான் வந்திருந்தார். முத்திரைப் படி உவமையைச் சொன்னேன், யோசித்தார். எண் போடாத நான்கு புத்தகங்களையும் மறைக்காமல் சொன்னேன். "இதை முதலிலேயே ஒத்துக்கொண்டிருக்கலாமே" என்றார். வைக்கோல், முன்னணை விஷயத்துக்கு அக்காதான் அதிகம் சிரித்தாள். ஏகாரத்துக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் பள்ளியில் எடுத்தது பிரெஞ்சு.

இப்போது வாட்ஸப்பில், மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறச் சொல்லும் அப்போஸ்தலர் 2:38-ஐ அனுப்பியிருக்கிறார், கீழே 'குழந்தைகளுக்கு மனந்திரும்புதல் எப்படி?' என்று கேள்வியோடு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். மேல்வீட்டறை அண்ணன், நீங்களும் அங்கே வாருங்கள், ஆனால் இறகோடு வேண்டாம்.